மேகத்துக்குள் போன அந்த ஒரு நிமிடம்

கேள்வி: நாங்கள் நியூ ஜெர்சியில் இருக்கிறோம். என் கணவருக்குப் போன வருடம் பிரைவேட் பைலட் லைசென்ஸ் கிடைத்தது. சின்ன வயதிலிருந்தே அவருக்கு இருந்த ஆசை. கிளப்பில் நான்கு பேர் உட்காரும் செஸ்னா 172 எடுத்து ஓட்டுகிறார், இதுவரை 130 மணி நேரம் ஓட்டியிருக்கிறார். அக்டோபரில் பிள்ளைகள் இரண்டு பேரையும் கூட்டிக்கொண்டு பிட்ஸ்பர்க் பெருமாள் கோவிலுக்குப் பறந்து போனோம். ஞாயிற்றுக்கிழமை திரும்பும்போது மலைப்பகுதியில் மேகம் தாழ்ந்துகொண்டே வந்தது. அவரும் விமானத்தைக் கீழே கீழே இறக்கி ஓட்டினார். திடீரென்று ஜன்னல் முழுக்க வெள்ளை. அதுவரை பேசிக்கொண்டு வந்தவர் பேச்சை நிறுத்திவிட்டார். ஒரு நிமிடம் இருக்கும், மறுபடி தரை தெரிந்தது, ஆனால் நாங்கள் ஒரு பக்கமாகச் சாய்ந்திருந்தோம். எப்படியோ வீடு வந்து சேர்ந்தோம். கேட்டால், "ஒண்ணும் ஆகலையே, ஆட்டோபைலட் இருக்கு, காரில் போறதைவிட இது பாதுகாப்பு" என்கிறார். டிசம்பரில் வட கரோலினாவில், ராலேயில், என் நாத்தனார் வீட்டுக் கிரகப்பிரவேசம். அதற்கும் பறந்தே போகலாம் என்கிறார். நான்தான் பயந்து சாகிறேனா? வரமாட்டேன் என்றால் அவர் மனது உடைந்துவிடும். இன்னொன்றும் சொல்ல வேண்டும். அன்று காலை அவர் கிளம்பலாமா வேண்டாமா என்று யோசித்தபோது, திங்கட்கிழமை பிள்ளைகளுக்கு டெஸ்ட் இருக்கிறது, எப்படியாவது போய்விடலாம் என்று சொன்னதும் நான்தான்.

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

உங்கள் பயம் சரியான பயம். உங்கள் கடிதத்தில் "பேச்சை நிறுத்திவிட்டார்" என்ற இடத்தில் நானும் கொஞ்ச நேரம் நின்றுவிட்டேன். பல வருடங்களாகச் சின்ன விமானம் ஓட்டக் கற்றுக்கொடுக்கிறேன், அந்த மௌனம் எனக்குத் தெரியும். கண்ணுக்கு எதுவும் தெரியவில்லை, எதிரே இருக்கும் கருவி ஒன்று சொல்கிறது, உடம்பு வேறொன்று சொல்கிறது, எதை நம்புவது என்று புரியாமல் மனிதன் உறைந்துபோகும் நேரம் அது. நீங்கள் நான்கு பேரும் அதிலிருந்து வெளியே வந்துவிட்டீர்கள் என்பதில் எனக்கு எவ்வளவு நிம்மதி என்று சொல்லத் தெரியவில்லை.

மேகம் என்றால் என்ன, வெறும் ஈரக்காற்றுதானே, அதற்குள் போனால் என்ன ஆகிவிடும் என்று பலரும் நினைக்கிறார்கள். சாதாரண மேகம் பெரும்பாலும் விமானத்தை ஒன்றும் செய்வதில்லை, ஓட்டுகிறவரைத்தான் செய்கிறது. நம் உள்காதில் திரவம் நிரம்பிய மூன்று வளையங்கள் இருக்கின்றன, தலை திரும்பினால் அந்தத் திரவம் நகர்ந்து "திரும்புகிறாய்" என்று மூளைக்குச் சொல்லும். ஆனால் விமானம் ஒரே சீராகத் திரும்பிக்கொண்டே இருந்தால் ஏறக்குறைய 20 விநாடியில் திரவமும் அதே வேகத்துக்கு வந்துவிடும், அதற்குப் பிறகு நேராகப் பறப்பது போலத்தான் இருக்கும். அந்த நிலையில் விமானத்தை உண்மையாகவே நேராக்கினால் எதிர்ப்பக்கம் சாய்ந்துவிட்ட மாதிரி தோன்றும், உடனே கை தானாக மறுபடி பழைய பக்கத்துக்கே சாய்க்கும். சாய்ந்த விமானம் மூக்கைக் கீழே இறக்கும், வேகம் ஏறும். உயரம் குறைகிறதே என்று பதறி, சாய்வைச் சரிசெய்யாமல் கையில் இருக்கும் பிடியைத் தன் பக்கம் இழுத்தால் அந்தச் சுழல் இன்னும் இறுகும். என் மாணவர்களைக் கண்ணை மூடச் சொல்லிவிட்டு, மெதுவாக விமானத்தைத் திருப்பிக்கொண்டே, "இப்போது எப்படிப் போகிறோம்?" என்று கேட்பேன். "நேராகப் போகிறோம் சார்" என்பார்கள். கண்ணைத் திறந்து பார்த்தால் இறக்கை தரையைப் பார்த்துக்கொண்டிருக்கும். புத்திசாலிகளுக்கும் இதுதான் நடக்கும், தைரியசாலிகளுக்கும் இதுதான் நடக்கும், ஏனென்றால் காது எல்லோருக்கும் ஒன்றுதான்.

1954-இல் இலினாய் பல்கலைக்கழகத்தில் இதைச் சோதித்துப் பார்த்தார்கள். கருவிகளைப் பார்த்து ஓட்டிப் பழக்கமில்லாத 20 பேரை, வெளியே எதுவும் தெரியாதபடி செய்து ஓட்ட விட்டார்கள். 20 பேருமே கட்டுப்பாட்டை இழந்தார்கள், 19 பேர் நான் சொன்ன அந்தச் சுழலில். சீக்கிரம் இழந்தவருக்கு 20 விநாடி, அதிகம் தாக்குப்பிடித்தவருக்கு 480 விநாடி, சராசரி 178 விநாடி. மூன்று நிமிடம்கூட இல்லை. உங்களுக்கு ஆனது ஒரு நிமிடம், அதற்குள்ளேயே விமானம் சாய்ந்துவிட்டது என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள்.

ஆட்டோபைலட் இருக்கிறது என்கிறார். அமெரிக்க அதிபராக இருந்த கென்னடியின் மகன் ஜான் எஃப். கென்னடி ஜூனியரின் விமானத்திலும் இருந்தது. 1999 ஜூலை 16, உங்கள் நியூ ஜெர்சியில்தான், எசெக்ஸ் கவுன்டி விமான நிலையத்திலிருந்து இரவு 8:38-க்குக் கிளம்பினார். மறுநாள் ஹையானிஸ் போர்ட்டில் சொந்தக்காரப் பெண்ணின் கல்யாணம். வழியில் மார்தாஸ் வின்யார்ட் தீவில் மனைவியின் அக்காவை இறக்கிவிட வேண்டும். முதலில் வெளிச்சம் இருக்கும்போதே கிளம்புவதாகத்தான் இருந்தது, தாமதமாகி இருட்டிவிட்டது. அவருக்கு அப்போது சுமார் 310 மணி நேர அனுபவம், கருவிகளைப் பார்த்து ஓட்டும் தகுதியான இன்ஸ்ட்ருமென்ட் ரேட்டிங் இல்லை, அதற்குப் படித்துக்கொண்டிருந்தார். அன்று மேகம்கூட இல்லை. புகைபோல ஒரு மங்கல், கீழே கறுப்பாகக் கடல், மேலே கறுப்பாக வானம், இரண்டுக்கும் நடுவில் அடிவானம் என்ற கோடு தெரியவில்லை. ஒரு மணி நேரத்துக்குச் சற்று மேல் பறந்து, தீவை நெருங்கி இறங்கும்போது திசையுணர்வு தப்பி, விமானம் கடலில் விழுந்தது. மூன்று பேரும் போய்விட்டார்கள். ஒரு பயிற்றுநர் அன்று இரவு தானும் கூட வருவதாகச் சொல்லியிருக்கிறார், இவர் தனியாகவே ஓட்ட விரும்புவதாகச் சொல்லிவிட்டார். பயிற்றுநராக இருக்கும் எனக்கு அந்த விசாரணை அறிக்கையில் மிகவும் வலித்த இடம் அதுதான். இன்னொன்றையும் கவனியுங்கள், அன்று அவர் கிளம்பியது சட்டப்படி தவறே இல்லை. சட்டம் இடம் கொடுக்கிறது என்பதும் அந்த இரவுக்கு இந்த ஆள் போதுமானவர் என்பதும் வேறு வேறு.

அனுபவம் ஏறினால் இதெல்லாம் போய்விடும் என்றும் இல்லை. 2020 ஜனவரி 26 அன்று கலிபோர்னியாவில் கூடைப்பந்து வீரர் கோபி பிரையன்ட்டும் மகளும் போன ஹெலிகாப்டரை ஓட்டியவருக்கு 8,500 மணி நேரத்துக்கு மேல் அனுபவம் இருந்தது, இன்ஸ்ட்ருமென்ட் ரேட்டிங்கும் இருந்தது. மலையும் தாழ்ந்த மேகமும் சேர்ந்த இடத்தில், மேகத்துக்கு மேலே போக 4,000 அடிக்கு ஏறுகிறேன் என்று, தரையிலிருந்து விமானங்களுக்கு வழி சொல்லும் கன்ட்ரோலரிடம் சொல்கிறார், அந்த நேரத்தில் ஹெலிகாப்டர் இடது பக்கம் சாய்ந்து கீழே இறங்கிக்கொண்டிருந்தது. ஏறுகிறோம் என்றுதான் அவர் உடம்பு அவரிடம் சொல்லியிருக்கிறது. ஒன்பது பேர் இறந்தார்கள். 2021 டிசம்பர் 8-இல் குன்னூர் பக்கத்தில் ஜெனரல் பிபின் ராவத் போன விமானப்படை ஹெலிகாப்டர் விழுந்ததற்கும், பள்ளத்தாக்கில் வானிலை சட்டென்று மாறி மேகத்துக்குள் போய்ப் பைலட்டுக்குத் திசையுணர்வு தப்பியதுதான் காரணம் என்று விசாரணையில் சொன்னார்கள். பிரைவேட் லைசென்ஸுக்கு வெளியே பார்க்காமல் கருவிகளைப் பார்த்து ஓட்டும் பயிற்சி மூன்று மணி நேரம் இருந்தால் போதும். உங்கள் கணவரிடம் இருப்பது பெரும்பாலும் அவ்வளவுதான்.

அப்புறம் அந்த மலை. எனக்கு மேகத்தைவிட அதுதான் கலக்கமாக இருந்தது. விமான நிலைய வானிலை அறிக்கையில் "மேகம் 2,000 அடியில்" என்று இருந்தால் அது அந்த விமான நிலையத்தின் தரையிலிருந்து எடுத்த கணக்கு. பிட்ஸ்பர்க் பக்கத்துச் சின்ன விமான நிலையம் கடல் மட்டத்திலிருந்து 1,200 அடி உயரத்தில் இருக்கிறது என்று வையுங்கள், அப்படியானால் மேகத்தின் அடிப்பக்கம் 3,200 அடியில். கிழக்கே வீட்டுக்கு வரும் வழியில் அந்த நீளமான மலைத்தொடர்கள் 2,900 அடிக்கெல்லாம் எழும்புகின்றன, பென்சில்வேனியாவின் மிக உயரமான இடமான மவுண்ட் டேவிஸ் 3,213 அடி. அப்படியென்றால் மலை முகட்டுக்கும் மேகத்துக்கும் நடுவில் 300 அடிதான், அதிலும் செல்போன் கோபுரங்கள் நிற்கும். காற்று மலையில் மோதி மேலே ஏறும்போது குளிர்ந்து மேகமாவதால், பள்ளத்தில் இருப்பதைவிட முகட்டில் மேகம் இன்னும் கீழேயே இறங்கியிருக்கும். கிளம்பும்போது 2,000 அடி தாராளமாகத் தெரியும், முக்கால் மணி நேரத்தில் வானமும் தரையும் ஒன்றையொன்று நெருங்கி வழியே இல்லாமல் போய்விடும். மேகத்துக்கு அடியில் புகுந்து புகுந்து போவதில் எத்தனையோ நல்ல பைலட்டுகள் போயிருக்கிறார்கள். ஆட்டோபைலட் விமானத்தை நேராகத்தான் வைத்திருக்கும், எதிரே மலை இருப்பது அதற்குத் தெரியாது.

கார் கணக்கையும் சொல்லிவிடுகிறேன். பாதுகாப்பானது பெரிய ஏர்லைன் விமானம். அங்கே இரண்டு பைலட், ரேடார், இறக்கையில் பனிக்கட்டி சேராமல் தடுக்கும் வசதி, கிளம்பாதே என்று சொல்லத் தரையில் தனி ஆட்கள், எல்லாம் உண்டு. அமெரிக்காவில் சின்ன தனியார் விமானங்களில் ஒரு லட்சம் பறக்கும் மணி நேரத்துக்குச் சுமார் ஒன்று என்ற கணக்கில் உயிர்ப்பலி விபத்து நடக்கிறது. காரை அதோடு ஒப்பிடவே முடியாது, மோட்டார் சைக்கிளை ஒப்பிடலாம். ஆனால் இந்த விபத்துகளில் பெரும்பகுதி கிளம்புவதற்கு முன்னாலோ வழியிலோ ஒருவர் எடுத்த முடிவிலிருந்து வருபவை. அதனால்தான் நான் இன்னும் இந்த வேலையில் இருக்கிறேன், முடிவுகளை மாற்ற முடியும்.

இப்போது நீங்கள் கடைசியாக எழுதிய வரிக்கு வருகிறேன். டெஸ்ட் இருக்கிறது, எப்படியாவது போய்விடலாம் என்று சொன்னது உங்களை உறுத்துகிறது என்று தெரிகிறது. உறுத்த வேண்டாம், அன்று விமானத்துக்குப் பொறுப்பு அவர்தான், உங்களுக்கு வானிலை அறிக்கை படிக்கத் தெரிந்திருக்க வேண்டிய அவசியம் இல்லை. ஆனால் அந்த வரியைப் பிடித்துக்கொள்ளுங்கள், உங்கள் கையில் இருக்கும் பெரிய சக்தி அதில்தான் இருக்கிறது. கோபி பிரையன்ட் விபத்தில், போயே ஆகவேண்டும் என்று யாரும் அந்தப் பைலட்டை நெருக்கவில்லை, அவரே தனக்குள் ஏற்றிக்கொண்ட அழுத்தம்தான் ஒரு காரணம் என்று தேசியப் போக்குவரத்துப் பாதுகாப்பு வாரியம் சொன்னது. 1996 ஏப்ரலில் ஜெசிகா டுப்ராஃப் என்ற ஏழு வயதுச் சிறுமி நாட்டைக் குறுக்கே கடக்கும் சாதனைக்காக அப்பாவோடும் பயிற்றுநரோடும் போனபோது, வயோமிங்கில் இடியும் மழையும் நெருங்கும் நேரத்தில் கிளம்பி மூன்று பேரும் இறந்தார்கள். டிவிக்காரர்களிடம் சொல்லிவைத்திருந்த பயண அட்டவணையும் அதில் ஒரு காரணம். திங்கட்கிழமை டெஸ்ட், கல்யாண முகூர்த்தம், கிளப்பில் திருப்பிக் கொடுக்க வேண்டிய நேரம், பின்சீட்டில் "அப்பா எப்ப போவோம்" என்று கேட்கும் பிள்ளை, இதெல்லாம் பைலட்டின் காதில் மேகத்தைவிடச் சத்தமாகக் கேட்கும். போய்ச் சேர்ந்தே ஆகவேண்டும் என்ற இந்த வேகத்தைப் பைலட்டுகள் ஒரு நோயின் பெயர் வைத்தே கூப்பிடுவார்கள். பயணி நினைத்தால் அதில் பாதியைக் குறைக்க முடியும்.

எப்படி என்றால், கிளம்புவதற்கு ஒரு வாரம் முன்பே, "திங்கட்கிழமை நான் லீவு போட்டுவிட்டேன், பள்ளிக்கும் சொல்லிவிட்டேன், ஒரு நாள் தாமதமானால் நமக்கு ஒன்றும் இல்லை" என்று சொல்லுங்கள், சொல்வதோடு நிற்காமல் செய்தும் வையுங்கள். நாத்தனாரிடம் "வானம் நன்றாக இருந்தால் பறந்து வருவோம், இல்லையென்றால் முந்தின நாளே காரில் கிளம்பிவிடுவோம்" என்று இப்போதே சொல்லிவிடுங்கள், அப்போது கடைசி நேரத்தில் அவர் தன் தங்கைக்குப் போன் செய்து வரவில்லை என்று சொல்ல வேண்டிய சங்கடம் இருக்காது. விமானத்தில் ஏறும் யார் வேண்டாம் என்று சொன்னாலும் போவதில்லை, காரணம் கேட்பதும் இல்லை என்று வீட்டில் ஒரு வழக்கம் வையுங்கள், பிள்ளைகளுக்கும் சேர்த்து. அவர் பயணத்தை ரத்து செய்த அன்று முகம் சுளிக்காமல், நல்ல காபி போட்டுக் கொடுத்து, சரியான முடிவு என்று சொல்லுங்கள். என் மாணவர்களின் வீட்டுக்காரர்களிடம் நான் எப்போதும் கேட்டுக்கொள்வது இது ஒன்றுதான்.

அவரிடம் பேசும்போது "நீங்க நல்லா ஓட்டலை" என்று ஆரம்பிக்காதீர்கள். "அந்த ஒரு நிமிடத்தில் உங்களுக்கு உள்ளே எப்படி இருந்தது?" என்று கேளுங்கள், கேட்டுவிட்டுக் கொஞ்ச நேரம் சும்மா இருங்கள். அவரும் பயந்திருப்பார், சொல்ல இடம் கிடைத்திருக்காது. பிறகு அடுத்த மூன்று பத்திகளை அவரிடம் காட்டுங்கள்.

தம்பி, உங்கள் ஆசை எனக்குப் புரிகிறது, நானும் அப்படித்தான் வந்தேன். எனக்கு 150 மணி நேரம் ஆகியிருந்தபோது ஒரு மாலை நானும் மேகத்துக்கு அடியில் இறங்கி இறங்கிப் போனேன். ஒரு கட்டத்தில் பயந்து திரும்பி, பெயர் தெரியாத ஒரு சின்ன விமான நிலையத்தில் இறங்கி, அங்கே பைலட்டுகள் உட்காரும் அறையில் சோபாவில் படுத்துத் தூங்கினேன். அன்று நான் செய்த ஒரே சரியான காரியம் அது. இங்கே சின்ன நிலையங்கள் பலவற்றில் சோபா உண்டு, சாப்பிடப் போய்வர இலவசமாகக் கார்கூடக் கொடுப்பார்கள், வெட்கப்படாமல் பயன்படுத்துங்கள். இந்த வாரமே ஒரு பயிற்றுநரைக் கூட்டிக்கொண்டு போய், வெளியே தெரியாதபடி மறைப்பு போட்டுக்கொண்டு, வந்த வழியே திரும்பும் திருப்பத்தை மட்டும் இருபது முறை செய்யுங்கள். விநாடிக்கு மூன்று டிகிரி, சரியாக ஒரு நிமிடத்தில் திரும்பிவிடலாம். அந்த இலினாய் சோதனையில்கூட, இந்தத் திருப்பத்தை முறையாகச் சொல்லிக்கொடுத்த பிறகு கிட்டத்தட்ட எல்லோரும் பத்திரமாக வெளியே வந்தார்கள். எப்போதாவது மறுபடி மாட்டிக்கொண்டால் விமானம் சாய்ந்திருக்கிறதா என்று காட்டும் செயற்கை அடிவானக் கருவியை மட்டும் நம்புங்கள், இறக்கையை நேராக்குங்கள், ஆட்டோபைலட்டைப் போடுங்கள், பக்கத்தில் மலை இருந்தால் ஏறுங்கள், பிறகு ரேடியோவில் "மேகத்துக்குள் மாட்டிக்கொண்டேன், எனக்கு இன்ஸ்ட்ருமென்ட் ரேட்டிங் இல்லை, உதவி வேண்டும்" என்று அப்படியே சொல்லுங்கள். ஏற்கெனவே யாரோடும் பேசிக்கொண்டிருக்காவிட்டால் 121.5 என்ற அவசர அலைவரிசையில் சொல்லுங்கள். லைசென்ஸுக்குச் சிக்கல் வருமோ என்று வாயைத் திறக்காமல் போனவர்கள் இருக்கிறார்கள். கன்ட்ரோலர்கள் உங்களைக் கீழே கொண்டுவரத்தான் உட்கார்ந்திருக்கிறார்கள்.

இன்னொன்று, உங்கள் எல்லையைக் காகிதத்தில் எழுதி ஃபிரிட்ஜ் கதவில் ஒட்டுங்கள், விமானத்துக்குப் பக்கத்தில் நின்றுகொண்டு யோசிக்கக் கூடாது. 130 மணி நேரக்காரர் ஒருவருக்கு நான் சொல்வது, வழி முழுக்க மேகம் தரையிலிருந்து 3,000 அடிக்கு மேல், மலைமேல் அதற்கும் கூடுதலாக, பார்வைத் தூரம் 8 மைல், பிள்ளைகள் இருந்தால் இரவில் பறப்பதில்லை. வெப்பநிலைக்கும், காற்றின் ஈரம் நீர்த்துளியாக மாறும் பனிநிலைக்கும் வித்தியாசம் 3 டிகிரிக்குள் நெருங்கிவந்தால் மூடுபனி வரலாம் என்று எடுத்துக்கொள்ளுங்கள். பிறகு இன்ஸ்ட்ருமென்ட் ரேட்டிங்குக்குச் சேருங்கள், வாங்கிய பிறகும் விடாமல் பழகிக்கொண்டே இருங்கள்.

இடிமேகம் பற்றி ஒரு வார்த்தை, கோடையில் உங்களுக்கு வேலை வரும். டேப்லெட்டில் தெரியும் ரேடார் படம் சில சமயம் 15, 20 நிமிடம் பழையதாக இருக்கும், அதை வைத்துக்கொண்டு இரண்டு மேகத்துக்கு நடுவில் புகுந்து போகக் கூடாது, பெரிய இடிமேகம் என்றால் 20 மைல் தள்ளித்தான் போக வேண்டும். 1953-இல் ஒலியைப் போல இரண்டு மடங்கு வேகத்தில் முதன்முதலாகப் பறந்த ஸ்காட் கிராஸ்ஃபீல்ட், 2006 ஏப்ரலில் ஜார்ஜியா மாநிலத்தில் தன் செஸ்னா 210-இல் இடிமேகத்துக்குள் போய்த்தான் இறந்தார்.

சகோதரி, ராலே விஷயத்தில் என் பதில் நேரானது, இந்த முறை காரில் போங்கள். டிசம்பரில் மேகத்துக்குள் இருக்கும் நீர்த்துளிகள் உறைநிலைக்குக் கீழேயும் நீராகவே மிதக்கும், இறக்கையில் பட்டதும் பனிக்கட்டியாக ஒட்டிக்கொள்ளும். இறக்கையின் வடிவம் கெட்டால் விமானத்தைத் தூக்கும் சக்தியே குறைந்துவிடும், செஸ்னா 172-ஐ அந்த நிலையில் பறக்க அனுமதியே இல்லை. அவருக்கு நாளைக்கே இன்ஸ்ட்ருமென்ட் ரேட்டிங் கிடைத்தாலும் டிசம்பர் மேகம் அவருக்கு மூடிய கதவுதான். ஐந்து மணிக்கெல்லாம் சூரியனும் இறங்கிவிடும், ஞாயிற்றுக்கிழமை சாப்பாடு முடித்து, தாம்பூலம் வாங்கிக்கொண்டு கிளம்பினால் வழியெல்லாம் இருட்டு. எட்டு மணி நேரம் கார் ஓட்டுவது அலுப்புதான், பரவாயில்லை.

மே மாதம் ஒரு தெளிவான சனிக்கிழமை காலையில், வழியில் மலை இல்லாத ஒரு ஊருக்கு, திரும்பி வரும் நாளைக் குறிக்காமல், அவரோடு பறந்து போய்விட்டு வாருங்கள். அதற்குள் அவர் அந்தத் திருப்பத்தை இருபது முறை செய்து முடித்திருந்தால், முன்சீட்டில் நீங்களே உட்காருங்கள்.